மாற்றியமைத்த பழைய போலோ ஜி.டி.: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

பேட்டைவாசி:
அண்ணாச்சிமார் எல்லோருக்கும் வணக்கம். வேலை கங்கைகொண்டான் சிப்காட்டில், வீடு பேட்டையில். நான்கு ஆண்டுச் சேமிப்பு ஆறு லட்சம் கையில் இருக்கிறது. மிதித்தால் முதுகு இருக்கையில் ஒட்ட வேண்டும்; அப்படி ஒரு வண்டி இந்தப் பணத்துக்குப் பழையதாகத்தான் கிடைக்கும். ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. கார் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 2016 மாடல், ஆட்டோமேட்டிக்.

ஒன்று திருவனந்தபுரத்தில், கே.எல். 01. ஒரே கை, 71,000 கி.மீ. இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து (அதாவது திறன் கூடும்படி அதன் புரோகிராமை மாற்றி), சைலன்சரை மாற்றி, ஸ்பிரிங்கைத் தாழ்த்தி வைத்திருக்கிறார். ஐந்தரை லட்சம் கேட்கிறார். இன்னொன்று தூத்துக்குடியில், டி.என். 69. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது, ஓடியது 48,000 கி.மீ.தான். புரோக்கர் நாலேகால் லட்சம் சொல்கிறார். அப்பா இரண்டாவதுதான் என்கிறார். எனக்கு முதலாவதை விட மனம் இல்லை. தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

பாளைப் பழசு:
தம்பி, அப்பா பேச்சைக் கேள். அந்த 1.2 லிட்டர் இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போது 105 குதிரைத் திறன், 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதோடு வருவது ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி. கிளட்ச் எண்ணெயில் நனையாத உலர் வகை. பெட்டி தாங்குவதற்கு வகுத்த உச்சம் 250 நியூட்டன் மீட்டர். ரீமேப் செய்து 220 வரை ஏற்றினாலும் வரம்புக்குள்தானே என்று இப்போதே ஒருவர் வருவார் பார். வரம்பு புதுப் பெட்டிக்கு எழுதியது. இத்தனை சித்திரை வெயிலைக் குடித்த கிளட்சுக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்? இதே வகைப் பெட்டிக்காக 2013-இல் சீனாவில் 3,84,000-க்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அது கம்பெனி நிலையிலேயே வந்த பழுது. அதன் தலையில் இன்னும் சுமை ஏற்றியவரிடம் போய் ஐந்தரை லட்சம் கொடுப்பாயா?

வள்ளியூர்க் காற்று:
வந்துவிட்டேன் அண்ணாச்சி, வரம்புக்குள்தான் இருக்கிறது. 😀

நீங்கள் சொன்ன எண்கள் சரி, முடிவு தவறு. என் வண்டி ரீமேப் செய்து நான்கு ஆண்டு ஆகிறது. வாரம் இரண்டு முறை நாங்குநேரி நான்குவழிச் சாலையில் ஓடுகிறது. எண்ணெயை 7,500 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுகிறேன், ஸ்பார்க் பிளக்கை நானே கழற்றிப் பார்க்கிறேன். வண்டியில் கைவைக்கிறவனுக்கு வண்டி மேல் கண் இருக்கும். பில் எல்லாம் கோப்பில் இருக்கும். ஒன்றும் மாற்றாதவர் பலர் ஆண்டுக்கு ஒருமுறை சாவியை நீட்டிவிட்டு வருகிறவர்கள்.

அந்த 48,000-ஐயும் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். மாதம் ஐந்நூறு கி.மீ. கூட வரவில்லை. அப்படியென்றால் வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு என்று நெரிசலில் ஊர்ந்த வண்டி. உலர் கிளட்சைத் தேய்ப்பது அந்த ஊர்தல்தான். வண்ணார்பேட்டை சிக்னலில் பத்து நிமிடம் அங்குலம் அங்குலமாக நகர்வதை விட, காவல்கிணறு வரை நிற்காமல் போவது அந்தப் பெட்டிக்கு ஓய்வு.

பாளைப் பழசு:
நீ ஒழுங்காக எண்ணெய் மாற்றுகிறாய் என்பதற்காகத் திருவனந்தபுரத்துக்காரரும் மாற்றியிருப்பார் என்று நான் நம்ப வேண்டுமா?

நானும் இந்த ஆசையில் விழுந்து எழுந்தவன்தான். ஒரு டீசல் வண்டி வைத்திருந்தேன். வண்டியின் பெயரும் வேண்டாம், வேலை செய்த பட்டறையின் பெயரும் வேண்டாம். ரீமேப் போட்ட முதல் மாதம் கையில் வாளைக் கொடுத்த மாதிரி இருந்தது. ஏழாவது மாதம் குடும்பத்தோடு புளியரை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் போகிறேன். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் கருகிய நாற்றம் உள்ளே வந்து பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். செங்கோட்டை வரை கயிறு கட்டி இழுத்து வந்தோம். பட்டறைக்காரரைக் கேட்டால், “கிளட்சையும் சேர்த்து மாற்றச் சொன்னேனே” என்றார். சொல்லவே இல்லை.

அதோடு பிரேக்கை யோசி. அந்த போலோவுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வேகத்தைக் கூட்டிய புண்ணியவான் நிறுத்துவதற்கு என்ன செய்தார் என்று விளம்பரத்தில் ஒரு வரி இருக்கிறதா? சத்தத்துக்குச் செலவழித்தவர், பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினாரா என்று கேள்.

தென்காசிச் சாரல்:
இரண்டு பேரும் குற்றாலத்துக்கு வாருங்கள், அருவியில் தலையைக் காட்டிவிட்டுப் பேசலாம்.

தம்பிக்கு ஒரு யோசனை. டியாகோ ஜே.டி.பி. தேடிப் பார்க்கலாம். டாடாவும் கோவை ஜெயம் நிறுவனமும் சேர்ந்து 2018-இல் விட்டது. டர்போ, 114 குதிரை, கையால் மாற்றும் கியர். கூட்டியதெல்லாம் கம்பெனியே கூட்டியது என்பதால் ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் தலைவலி இல்லை. 2020-க்குள் நிறுத்திவிட்டார்கள், அதனால் எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் அதற்கென்றே செய்த உதிரிப் பாகங்களுக்கு அலைய வேண்டியிருக்கும்.

வள்ளியூர்க் காற்று:
கிடைக்காத வண்டியைக் காட்டி வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள்.

பிரேக் விஷயத்தில் பழசு அண்ணாச்சிக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கிறேன். என் வண்டியிலும் முதலில் மாற்றியது டயரும் பிரேக் பேடும்தான், ரீமேப் அதற்குப் பிறகு. ஆனால் சட்டம் சட்டம் என்று பயமுறுத்த வராதீர்கள். நெல்லையில் எத்தனை வண்டியில் சைலன்சர் மாற்றியிருக்கிறது என்று எண்ணவா?

பாளைப் பழசு:
நான் சட்டத்தை எடுக்கவே இல்லை, நீயே எடுத்துக் கொடுத்தாய். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு: ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளோடு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அந்த வழக்கு கிளம்பியதே கேரளத்திலிருந்துதான். அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. சைலன்சர், ஸ்பிரிங் என்று நீயே எண்ணிக்கொள். எல்லோரும் செய்கிறார்கள் என்பது போலீஸ்காரரிடம் சொல்லிப் பார்க்க வேண்டிய வாதம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

டிங்கர் அண்ணாச்சி:
தச்சநல்லூரில் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு நாளாகப் படிக்கிறேன். இத்தனை பேர் பேசி, முக்கியமான கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. அந்த டி.என். 69 வண்டி 2023 டிசம்பர் 17, 18-இல் எங்கே நின்றது?

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி இங்கே சந்திப்பு பஸ் நிலையத்துக்குள் வந்தது, தூத்துக்குடியில் தெருத் தெருவாகத் தண்ணீர் நின்றது. அப்போது மூழ்கிய வண்டிகள் எங்கே போயின? எல்லாம் உடைக்கப் போகவில்லை. முழுச் சேதம் என்று இன்சூரன்ஸ் பணம் கொடுத்த பிறகு ஏலத்தில் எடுத்து, கழுவி, சென்ட் அடித்து, குறைந்த கிலோமீட்டர் என்று விற்கிறார்கள். சந்தை விலையை விட ஒரு லட்சம் குறைவாக ஒரு புரோக்கர் கொடுக்கிறார் என்றால் அவர் உனக்குச் சித்தப்பாவா?

போய்ப் பார்க்கும்போது முன் சீட் பெல்ட்டை நுனி வரை முழுதாக இழு. பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் கடைசி முழத்தை யாரும் கழுவுவதில்லை. சேற்றுக் கோடு அங்கேதான் இருக்கும். இருக்கைக்கு அடியில் தண்டவாளத்தைத் தடவு; சொரசொரவென்று துரு இருந்தால் சந்தேகப்படு. ஸ்டெப்னி குழியில் பாயைத் தூக்கிப் பார். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பியூஸ்களில் இரண்டைப் பிடுங்கிப் பார், காலில் பச்சை பூத்திருக்கிறதா என்று. ஒவ்வொரு கண்ணாடியிலும் மூலையில் தயாரிப்புக் குறி இருக்கும்; ஒன்று மட்டும் வேறாக இருந்தால் ஏன் என்று கேள்.

கே.எல். வண்டிக்கு இன்ஜின் ஆறியிருக்கும்போது போ, எனக்காகச் சூடாக்கி வைக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. முதல் கியரிலும் ரிவர்சிலும் மெதுவாக நகர்த்திப் பார்; வெட்டி வெட்டிப் போனால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ஸ்கேனர் போட்டால் கிளட்ச் எந்த அளவுக்குத் தேய்ந்தது என்று ஓரளவு தெரியும். பெட்டியின் மூளைப் பகுதி போனால் செலவு லட்சத்தைத் தாண்டும், அதைக் கணக்கில் வைத்து விலை பேசு. கழற்றிய பழைய சைலன்சர், பழைய ஸ்பிரிங், ரீமேப்புக்கு முந்தைய கோப்பு மூன்றும் இருக்கிறதா என்று கேள். இருந்தால் அது வண்டி, இல்லாவிட்டால் அது வழக்கு.

பேப்பர் வேலையையும் மறக்காதே. அங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும், இங்கே வாழ்நாள் வரி கட்டிப் புது எண் வாங்க வேண்டும். கேரளத்தில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், அதற்கு நடக்கக் கால் வேண்டும். பதினைந்து ஆண்டுப் பதிவு 2031-இல் முடிகிறது. ஆகவே ஐந்தரை என்பது உனக்கு ஐந்தரை இல்லை.

பேட்டைவாசி:
பார்த்துவிட்டு வந்தேன்.

தூத்துக்குடி வண்டி பளபளவென்று இருந்தது, உள்ளே மல்லிகை வாசனை. ஓட்டுநர் பக்கத்துப் பெல்ட்டை இழுக்க இழுக்கக் கறுப்பாக வந்தது. கடைசியில் இரண்டு விரற்கடை அகலத்துக்குக் காய்ந்த வண்டல், தொட்டதும் பொடியாக உதிர்ந்து கால்சட்டையில் விழுந்தது. புரோக்கர் அதைப் பார்த்துவிட்டு, “கடற்கரைக் காற்று தம்பி, எல்லா வண்டியிலும் இருக்கும்” என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டார்.

திருவனந்தபுரத்தில் அந்த மனிதர் மொட்டைமாடி அறையிலிருந்து ஒரு சணல் சாக்கை இறக்கிக் கொண்டுவந்தார். பழைய சைலன்சர், நான்கு ஸ்பிரிங், ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டியிருந்தது. பில் கோப்பும் இருந்தது. பிரேக் எண்ணெய் இரண்டு முறை மாற்றியிருக்கிறார். ரிவர்சில் லேசாக ஒரு வெட்டு இருந்தது. அதைச் சொல்லி ஐந்து லட்சத்துக்குப் பேசினேன். ரீமேப்பை அழித்து, ஸ்பிரிங்கை மாற்றி, என்.ஓ.சி. வந்த பிறகுதான் மீதிப் பணம். பத்தாயிரம் முன்பணம் கொடுத்தேன்.

வள்ளியூர்க் காற்று:
ரீமேப்பை அழிக்கச் சொன்னாயா? பாவி. பாயசத்தில் முந்திரியைப் பொறுக்கி எறிந்துவிட்டுக் குடிக்கிறாய்.

பாளைப் பழசு:
ரிவர்சில் வெட்டு இருக்கிறது என்று தெரிந்தும் முன்பணம் கொடுத்தாயா? நாலரைக்கு மேல் அது போகாது. நான் சொன்னதை எழுதி வைத்துக்கொள்.

வள்ளியூர்க் காற்று:
கோப்பில் தேதி போட்டுப் பில் வைத்திருந்தவர் யார் அண்ணாச்சி? வண்டியில் கைவைத்தவர்தானே? தண்ணீரில் கிடந்தது எது? நீங்கள் கைகாட்டிய வண்டி.

பாளைப் பழசு:
நான் கைகாட்டியது மாற்றாத வண்டியை. மூழ்கிய வண்டியை இல்லை.

பேட்டைவாசி:
டிங்கர் அண்ணாச்சி, சைலன்சரை மட்டும் அங்கே மாற்றவில்லை, சாக்கோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் போட்டுத் தர முடியுமா?

டிங்கர் அண்ணாச்சி:
ஞாயிறு காலை வா. கேஸ்கெட்டும் போல்ட்டும் புதிதாக வாங்கிக்கொள். பழையதையே போட்டால் மூட்டில் புகை ஊதும். வரும்போது அப்பாவையும் கூட்டி வா, அவர் எப்போது செருப்பு மாட்டுகிறார் என்று நானும் பார்க்கிறேன்.