போக்கரில் ஃப்ளாப்பிலேயே நட்ஸ், ஆனாலும் 5,000 ரூபாய் போச்சு. எங்கே தப்பு பண்ணினேன்?

எபேன்_மதுரைக்காரன்

வணக்கம். மொரிஷியஸுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. சனிக்கிழமை ராத்திரி காத்ர போர்னில் ஒரு நண்பர் வீட்டில் ஆறு பேர் சீட்டாட உட்காருவோம். நடுவில் ஒரு தட்டு நிறைய கத்தோ பிமான். நம்ம பருப்பு வடைதான், இங்கே பெயர் அப்படி. முன்பெல்லாம் டெக்சாஸ் ஹோல்டெம்தான் ஆடுவோம், நாலு மாதமாகப் பாட் லிமிட் ஓமஹா, கையில் நாலு சீட்டு வைத்து ஆடும் போக்கர்.

பிளைண்ட் (இரண்டு பேர் முன்கூட்டியே கட்டாயமாக வைக்கும் தொகை) 25/50. எல்லோர் முன்னாலும் ஆளுக்கு 5,000. நான் பட்டனில் (தரையில் சீட்டு விழுந்த பிறகு கடைசியாகப் பேசும் இடம்). என் கையில் ஸ்பேட் ராஜா, கிளாவர் ராஜா, ஸ்பேட் ஜாக்கி, கிளாவர் பத்து. எனக்கு முன்னால் ஒருவர் 175க்கு ஏற்றினார், நான் கால் (அதே தொகையைப் போட்டேன்), பிக் பிளைண்டில் இருந்த பெரியவரும் கால். ஸ்மால் பிளைண்ட் கவிழ்த்துவிட்டார். பாட் (நடுவில் சேர்ந்த பணம்) 550.

ஃப்ளாப் (தரையில் முதலில் திறக்கும் மூன்று சீட்டு): ஆர்ட்டின் 9, டைமன் 8, ஆர்ட்டின் 7.

ஜாக்கி பத்து என்னிடம்தான் இருக்கிறது, ஏழு முதல் ஜாக்கி வரை வரிசையாக ஸ்ட்ரெய்ட், இதற்கு மேல் ஒரு கை கிடையாது, அதாவது நட்ஸ் என்று எனக்குக் குஷி. பெரியவர் செக், பணம் போடாமல் விட்டார். ஏற்றியவர் முழுப் பாட் 550 போட்டார். நான் பாட் ரெய்ஸ், 2,200. பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, என் சிப்ஸை ஒரு தடவை பார்த்து, தன்னிடம் இருந்த 4,825ஐயும் தள்ளிவிட்டார். முதலில் ஏற்றியவர் ஓடிவிட்டார். நான் இன்னும் 2,625 போட வேண்டும். போட்டேன்.

பெரியவர் காட்டியது: ஆர்ட்டின் ஏஸ், கிளாவர் ராணி, டைமன் ஜாக்கி, ஆர்ட்டின் பத்து. அதே ஸ்ட்ரெய்ட்! டர்ன் (தரையில் நாலாவது சீட்டு) கிளாவர் 4. ரிவர் (ஐந்தாவது, கடைசி) ஆர்ட்டின் 3. அவருக்கு ஐந்து ஆர்ட்டின், ஸ்ட்ரெய்ட்டை வெல்லும் ஃப்ளஷ்.

தமிழிலும் நூறு ரூபாய் என்று அச்சடித்த தாள் ஐம்பதை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். நட்ஸை எப்படிக் கவிழ்ப்பது? வெறும் துரதிர்ஷ்டம்தானா?

போர்ட்லூயி_ஜோக்கர்

துரதிர்ஷ்டம்தான் நண்பா, விடுங்கள். நட்ஸ் இருக்கும்போது ஏற்றாமல் வேறு எப்போது ஏற்றுவது? அதோடு ஜோடி ராஜா வேறு. ஒரு ராணி விழுந்திருந்தால் உங்களுக்கு ராஜா வரைக்கும் ஸ்ட்ரெய்ட் ஆகியிருக்கும், பெரியவர் அவுட்.

டர்பன்_அக்கா

ஜோக்கர், அது ஹோல்டெம் கணக்கு. ஓமஹாவில் கையிலிருந்து சரியாக இரண்டு சீட்டு, தரையிலிருந்து மூன்று. ராணி மட்டும் விழுந்தால் ராஜா, ஜாக்கி, பத்து என்று கையிலிருந்து மூன்றை எடுக்க வேண்டிவரும். செல்லாது. இரண்டு பேருக்கும் ராணி வரைக்கும்தான், பாட் பாதி பாதி.

மதுரைத் தம்பி, நேற்று சமையல் முடிந்ததும் சீட்டுக்கட்டை மேஜையில் பரப்பி எண்ணிப் பார்த்தேன். ஃப்ளாப்பில் உங்களுக்குத் தெரியாத சீட்டு 45. அதில் எவை டர்னில் வந்தால் உங்கள் கை நட்ஸ் இல்லாமல் போகும்? ஆர்ட்டின் 11. தரையை ஜோடியாக்கும் மற்ற 9, 8, 7 சேர்ந்து 8. ஆர்ட்டின் அல்லாத பத்து இரண்டு, ஜாக்கி இரண்டு, ஏனென்றால் அவை வந்தால் ராணி வைத்திருப்பவர் ஜெயிப்பார். மொத்தம் 23. அதாவது கட்டில் பாதிக்கு மேல் உங்களுக்கு எதிரி. உங்களுக்கோ முன்னேற வழி அநேகமாக இல்லை: ஆர்ட்டின் ஒன்றுகூட இல்லை, ராணி இல்லை, ராஜா ஜோடி இந்தத் தரையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. வலுவான கைதான், ஆனால் இன்றைக்கு மட்டும் வலு.

இப்போது பெரியவர் கையோடு வைத்துப் பாருங்கள். மீதி 41 சீட்டில் டர்னும் ரிவரும் 820 விதமாக விழலாம். அவர் ஜெயிப்பது 395, பாதி பாதி 391, நீங்கள் ஜெயிப்பது வெறும் 34. இதைத்தான் ஃப்ரீரோல் என்பார்கள். அவர் உங்கள் பணத்தில் லாட்டரி வாங்குகிறார், விழாவிட்டாலும் பாதிப் பாட் அவருக்கு.

ஆனால் கடைசிக் கால் தப்பில்லை. 10,750 பாட்டுக்கு 2,625 என்றால் 24.4 சதவீதம் போதும். இந்த மோசமான கைக்கு எதிராகவே உங்கள் பங்கு 28. அவரிடம் வெறும் ஒன்பது செட் (தரையோடு சேர்த்து மூன்று ஒன்பது) இருந்திருந்தால் நீங்கள்தான் முன்னால். தப்பு அதற்கு முன்னால், அந்த 2,200.

சென்_தெனி_காரன்

ரியூனியனிலிருந்து ஒரு ஆட்சேபம். ஏற்றாமல் வெறும் கால் போட்டால் பெரியவர் 550 கொடுத்து 1,650 பாட்டுக்குள் நுழைவார். மூன்றுக்கு ஒன்று விலை. ஃப்ளஷ் ட்ராவுக்கு, அதாவது இன்னும் ஒரு சீட்டு வந்தால் ஃப்ளஷ் ஆகும் கைக்கு, இவ்வளவு மலிவாக விடுவதா? ட்ராக்காரர்களிடம் காசு வாங்கத்தானே ரெய்ஸ்?

டர்பன்_அக்கா

நியாயமான கேள்வி. எல்லோர் முன்னாலும் 1,500 தான் இருந்திருந்தால் நானும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளச் சொல்வேன், டர்னில் யோசிக்க ஒன்றும் மிஞ்சாது. இங்கே பாட்டைப் போலக் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு பின்னால் இருக்கிறது. பெரிய ட்ரா எதுவும் 2,200க்குக் கவிழாது. கவிழ்வதெல்லாம் உங்களுக்குக் காசு கொடுத்திருக்கக்கூடிய சின்னக் கைகள். கால் போட்டுவிட்டு, டர்னில் 23ல் ஒன்று வந்து யாராவது பலமாகப் போட்டால் 550 நஷ்டத்தோடு எழுந்துவிடலாம். மீதி 22ல் ஒன்று வந்தால் அப்போது முழுப் பாட் போடுங்கள். ஒரே ஒரு சீட்டு மிச்சமிருக்கும்போது ட்ராவுக்கு அது உண்மையான விலை. பட்டனில் கடைசியாகப் பேசுபவர் தம்பிதான், அதை ஏன் ஃப்ளாப்பிலேயே வீணாக்க வேண்டும்?

பெரியவர் கை தம்பியிடம் இருந்திருந்தால் ஏற்று ஏற்று என்றுதான் சொல்வேன். இரண்டும் ஒரே நட்ஸ், விலை வேறு.

போர்ட்லூயி_ஜோக்கர்

மூன்று சீட்டு விஷயம் சரி, நான் தப்பு. நாலு மாதமாக நானும் இப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேனோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

எபேன்_மதுரைக்காரன்

அக்கா, நன்றி. அந்த 23ஐ நானும் சீட்டை வைத்து எண்ணினேன், சரியாக வந்தது. இடையில் ஆட்டம் இல்லை. வீட்டு நண்பர் காவடி எடுக்கிறார், பத்து நாள் விரதம், அந்த வீட்டில் சீட்டுக்கட்டு வெளியே வராது.

போன சனிக்கிழமைதான் மறுபடி உட்கார்ந்தோம். மறுபடியும் ஃப்ளாப்பில் நட்ஸ் ஸ்ட்ரெய்ட், மறுபடியும் மொட்டையாக. பெரியவர் 400 போட்டார், கை அரித்தது, வெறும் கால் போட்டேன். டர்னில் தரை ஜோடியானது. அவர் முழுப் பாட் போட்டார். கவிழ்த்தேன். அவர் கையைக் காட்டவில்லை, கண்ணாடியை மட்டும் நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார்.