படுக்கையறையையே கேமரா ஆக்கினேன், சுவரில் விழும் படம் மங்கல். உதவி தேவை

செம்பூர் மூன்றாம் மாடி:
கொரோனா ஊரடங்கு, 2020 மார்ச் 25-லிருந்து வீட்டோடு கிடக்கிறேன், வெளியே போய்ப் படம் எடுக்க வழியில்லை. அதனால் படுக்கையறை ஜன்னலை அடைத்து, நடுவில் ஓட்டை போட்டு, எதிர்க் கட்டடத்தை உள்சுவரில் தலைகீழாக விழவைத்து (கேமரா அப்ஸ்கூரா) அதை ஃபோனில் எடுக்கலாம் என்று இறங்கினேன். சார்ட் பேப்பர் வாங்கக் கடை இல்லை, மளிகை வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒட்டி, மேலே கம்பளி. ஓட்டை 2 செ.மீ., சுவர் 3 மீட்டர் தள்ளி. காலை பத்து மணிக்குப் பார்த்தால் எதிர் பால்கனியில் காயும் சேலையின் சிவப்பு மட்டும் ஆடுகிறது, மற்றதெல்லாம் கரைந்த மாதிரி. ஓட்டையைச் சின்னதாக்கினால் படமே காணாமல் போகிறது. ஜன்னல் கிழக்குப் பார்த்தது. என்ன செய்யலாம்?

டோம்பிவிலி அண்ணாச்சி:
தம்பி, கிழக்கு ஜன்னல் என்றால் காலையில் வெயில் உங்கள் பக்கம்தான், உங்களைப் பார்த்த எதிர்ச்சுவர் நிழலில் கிடக்கும். மூன்றரை மணிக்கு மேல் பாருங்கள், அப்போதுதான் அந்தச் சுவரில் நேர்வெயில் அடிக்கும். அறைக்குள் வெளிச்சம் துளியும் கூடாது, கதவிடுக்கில் துண்டு, ஏசியின் பச்சை விளக்குக்குக்கூட ஒரு டேப். கண் பழகவே பத்துப் பதினைந்து நிமிடமாகும். அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்.

சயான் லென்ஸ்:
நேரம் மாற்றினால் வெளிச்சம் கூடும், மங்கல் போகாது. 2 செ.மீ. ஓட்டை என்றால் வெளியே இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் சுவரில் 2 செ.மீ. வட்டமாகத்தான் விழும். 1 செ.மீ. ஆக்கினால் மங்கல் பாதி, ஆனால் வெளிச்சம் கால்வாசி. ஓட்டையோடு மல்லுக்கட்டாதீர்கள், வீட்டில் பெரியவர்களின் பழைய படிக்கிற கண்ணாடி இருக்கிறதா? பிளஸ் பவர் மட்டும்தான் உதவும், மைனஸும் பைஃபோகலும் வேண்டாம்.

செம்பூர் மூன்றாம் மாடி:
அப்பாவின் பழைய கண்ணாடி இருக்கிறது, பிளஸ் 1.5.

சயான் லென்ஸ்:
ரொம்ப நல்லது. 1-ஐ 1.5-ஆல் வகுத்தால் 0.67 மீட்டர், அதாவது படம் 67 செ.மீ. தூரத்தில் தெளியும். கட்டடம் கிட்டே என்பதால் இன்னும் சில செ.மீ. பின்னால். கண்ணாடியை ஓட்டை மேல் டேப் போட்டு ஒட்டி, உள்ளே அந்தத் தூரத்தில் துணி காயப்போடும் ஸ்டாண்டில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டுங்கள். படம் சின்னதாகும், ஆனால் அதே ஓட்டையிலேயே வெளிச்சம் சுமார் இருபது மடங்கு. ஃபோனில் ப்ரோ மோட் (எல்லாவற்றையும் நாமே மாற்றும் வசதி) இருந்தால் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 100, ஷட்டர் (வெளிச்சம் வாங்கும் நேரம்) இரண்டு நொடியில் தொடங்குங்கள், ஃபோனை அரிசி டப்பாவில் சாய்த்து டைமர் போடுங்கள். ஒன்று மட்டும், சூரியன் நேராகத் தெரியும்போது லென்ஸ் வழியாகக் கண்ணை வைக்காதீர்கள்.

செம்பூர் மூன்றாம் மாடி:
வந்துவிட்டது! பால்கனிக் கம்பியெல்லாம் எண்ணலாம் போல. வேட்டிக்குப் பதில் காலண்டர் தாளின் பின்பக்கம் வைத்து, ஜன்னல் பக்கம் நின்று எடுத்தேன். ஆனால் 180 டிகிரி திருப்பினால் கீழ்க்கடை போர்டு கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி நிற்கிறது.

சயான் லென்ஸ்:
தாளை முன்னாலிருந்து பார்த்தால் அப்படித்தான். அங்கே தலைகீழ் மட்டும்தான் ஆகியிருக்கும், இடவலம் மாறியிருக்காது, அதனால் சுழற்றாமல் எடிட்டில் மேல்-கீழ் ஃப்ளிப் கொடுங்கள். வேட்டி சொன்னதே இதற்குத்தான், பின்பக்கமிருந்து எடுத்தால் சுழற்றினாலே எழுத்து நேராகிவிடும், குறுக்கே நம் நிழலும் விழாது.

டோம்பிவிலி அண்ணாச்சி:
வேட்டியில் நெசவு தெரிந்தால் சமையலறை பட்டர் பேப்பர் போட்டுப் பாருங்கள் தம்பி, என் வீட்டில் அதுதான் சரிப்பட்டது. போர்டு வந்த படத்தை இங்கேயே போடுங்கள்.