வீட்டு டிவியில் பிள்ளைகளுக்கு வயது வரம்பு, பின் (PIN) பூட்டு: எங்கே, எப்படி வைப்பது?

ஈரோடு_மஞ்சள்

வீட்டில் ஒரே டிவி, கூகுள் டிவி வகை. நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் வீடியோ, ஜியோஹாட்ஸ்டார் மூன்றும் இருக்கின்றன. பையனுக்கு வயது 11, பாப்பாவுக்கு 6. நெட்ஃப்ளிக்ஸில் கிட்ஸ் புரொஃபைல் போட்டாயிற்று. ஆனால் பையன் அதிலிருந்து வெளியே வந்து எங்கள் புரொஃபைலுக்குள் போய்விடுகிறான்.

1. இதை எப்படி அடைப்பது?
2. பிரைமில் கம்ப்யூட்டரில் வைக்கும் வயது வரம்பு டிவிக்கும் பொருந்துமா?
3. பகலில் வீட்டில் இருப்பது மாமியார் மட்டும்தான். அவருக்கு சீரியல் பார்க்கத் தடை இருக்கக் கூடாது. ரிமோட்டில் நம்பர் தேடி அடிப்பது அவருக்குச் சிரமம்.
4. யூடியூபை என்ன செய்வது?

வயர்மேன்

முதல் கேள்விக்கு: கிட்ஸ் புரொஃபைல் பூட்டு அல்ல. அது திறந்து கிடக்கும் தனி அறை, அவ்வளவுதான். பூட்டுப் போட வேண்டியது உங்கள் புரொஃபைலுக்கும் உங்கள் வீட்டுக்காரர் புரொஃபைலுக்கும். பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

டிவியில் தேடாதீர்கள். கம்ப்யூட்டரிலோ போனிலோ பிரவுசர் வழியாக நெட்ஃப்ளிக்ஸ் தளத்துக்குள் போய் 'அக்கவுன்ட்' திறங்கள். அதில் 'புரொஃபைல்ஸ்'. உங்கள் பெயரைத் தொட்டால் 'புரொஃபைல் லாக்' என்று வரும். கணக்கின் பாஸ்வேர்டு கேட்கும், கொடுத்த பிறகு 4 இலக்க பின் வையுங்கள். அதே பக்கத்தில், புதிய புரொஃபைல் சேர்க்கவும் பின் வேண்டும் என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். அதை விட்டுவிட்டால் பையன் புதிதாக ஒரு பெரியவர் புரொஃபைல் உருவாக்கிக்கொண்டு நிம்மதியாகப் பார்ப்பான். பூட்டோ வயது வரம்போ இல்லாத புரொஃபைல் ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது. யாரும் தொடாமல் கிடக்கும் பழைய புரொஃபைல் இருந்தால் அழித்துவிடுங்கள்.

பையனுக்கு 11 வயதாகிவிட்டது. கிட்ஸ் திரையின் பொம்மைப் படங்களைப் பார்த்தாலே அவனுக்குக் கோபம் வரும், வெளியே ஓடுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். அவனுக்கு சாதாரண புரொஃபைல் ஒன்று தனியாகப் போட்டு, 'பேரண்டல் கன்ட்ரோல்ஸ்' பகுதியில் வயது வரம்பை 7+ இல் நிறுத்துங்கள். 13+ எப்போது என்பது உங்கள் முடிவு. வரம்புக்குள் வந்தாலும் குறிப்பிட்ட ஒரு படமோ தொடரோ வேண்டாம் என்றால், அதே பக்கத்தில் பெயரை அடித்துத் தனியாகத் தடுக்கலாம். தடுத்தது அந்தப் புரொஃபைலில் கண்ணிலேயே படாது.

மாற்றியதும் டிவியில் பழையபடியே தெரிந்தால் பதற வேண்டாம். வேறு புரொஃபைலுக்குப் போய்த் திரும்பி வாருங்கள், பட்டியல் புதுப்பித்துக்கொள்ளும்.

ஒரு விஷயம்: பின் மறந்துபோனால் கணக்கின் பாஸ்வேர்டை வைத்துப் புதிய பின் போட்டுக்கொள்ளலாம். ஆகவே பாஸ்வேர்டு பையனுக்குத் தெரிந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் பயனில்லை. முதலில் அதை மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

கேபிள்காலம்

பிரைம் பற்றி. அங்கே வயது வரம்பு வைக்கும் பக்கத்தின் கீழே, எந்தெந்தச் சாதனங்களுக்கு இது பொருந்த வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். கம்ப்யூட்டரில் மட்டும் டிக் இருந்தால் டிவியில் ஒன்றும் நடக்காது. டிவியையும் டிக் செய்து சேமியுங்கள். பாதை: பிரைம் வீடியோ தளம், 'அக்கவுன்ட் அண்ட் செட்டிங்ஸ்', 'பேரண்டல் கன்ட்ரோல்ஸ்'. முதலில் பின், பிறகு வயது வரம்பு. வரம்புக்கு மேற்பட்ட படத்தைத் திறந்தால் பின் கேட்கும். பணம் கட்டி வாடகைக்கு எடுக்கும் படங்களும் அதே திரையில் கலந்து கிடப்பதால், வாங்குவதற்கும் பின் கேட்கும்படி வையுங்கள்.

ஃபயர் டிவி ஸ்டிக் செருகியிருந்தால் அது தனிக் கதை. இணையதளத்தில் வைத்தது அதற்குப் போகாது. ஸ்டிக்கின் சொந்த 'செட்டிங்ஸ்', அதில் 'பிரிஃபரன்சஸ்', அதில் 'பேரண்டல் கன்ட்ரோல்ஸ்' போய் அங்கேயே பூட்ட வேண்டும். டிவிக்குள் இருக்கும் பிரைமைப் பூட்டிவிட்டு எச்டிஎம்ஐ 2 இல் இருக்கும் ஸ்டிக்கை மறந்துவிட்டால், பையன் 'சோர்ஸ்' பொத்தானை ஒரு தட்டு தட்டினால் போதும். ஆப் உள்ள செட்டாப் பாக்ஸ் இருந்தாலும் இதே சிக்கல்தான்.

ஹாட்ஸ்டாரில் மை ஸ்பேஸ், செட்டிங்ஸ் வழியாக பேரண்டல் கன்ட்ரோலைத் திறந்து பின் வைத்தால், கிட்ஸ் அல்லாத புரொஃபைலுக்குள் நுழையும்போது 4 இலக்கம் கேட்கும். இங்கே ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கணக்கு ஓடுவதே போன் நம்பரிலும் ஓடிபியிலும். ஓடிபி வரும் போன் சாயங்காலம் பையன் கையில் கேம் விளையாடக் கிடக்கிறது என்றால் சாவியும் அவனிடமே. பகலில் வீட்டில் இல்லாதவரின் நம்பரில் கணக்கு இருப்பது நல்லது.

அத்தைக்கு: நெட்ஃப்ளிக்ஸில் அவருக்குத் தனிப் புரொஃபைல், வரம்பு பையனுக்கு வைத்ததே, பூட்டு வேண்டாம். பையன் உள்ளே போனாலும் தன் புரொஃபைலில் கிடைப்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது. சீரியல் பார்ப்பது ஹாட்ஸ்டாரில் என்றால் பின் தவிர்க்க முடியாது. அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த, பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாத நான்கு எண்களாக வையுங்கள். பழைய லேண்ட்லைன் நம்பரின் கடைசி நான்கு எண்கள் சரியாக வரும். பிறந்த வருடம், வண்டி நம்பர், 1234 எல்லாம் பிள்ளைகள் முதலில் அடித்துப் பார்க்கும் எண்கள். ஏடிஎம் பின்னையும் இங்கே போடாதீர்கள்.

தறிநாடா

பின்னைத் தேர்ந்தெடுப்பது மட்டுமல்ல, அடிப்பதிலும் கவனம் வேண்டும். திரையில் எண் அட்டவணை வரும்போது, அடித்த எண் புள்ளியாக மறைந்தாலும் எந்தக் கட்டத்தில் கர்சர் போய் நிற்கிறது என்பது 43 இன்ச்சில் பளிச்சென்று தெரியும். சோஃபாவில் உட்கார்ந்திருக்கும் பையன் இரண்டு தடவையில் பிடித்துவிடுவான். ரிமோட்டிலேயே எண் பொத்தான்கள் இருந்து, ஆப் அதை ஏற்றுக்கொண்டால் அதில் அடியுங்கள்.

யூடியூபுக்கு என் யோசனை: டிவியில் யூடியூப் ஆப்பைப் பூட்டிவிட்டு யூடியூப் கிட்ஸ் ஆப்பை மட்டும் விட்டுவையுங்கள்.

வயர்மேன்

@தறிநாடா அந்த வழி இப்போது டிவியில் இல்லை. டிவிக்கான தனி யூடியூப் கிட்ஸ் ஆப்பை 2024 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். டிவியில் கிட்ஸ் என்பது இப்போது சாதாரண யூடியூப் ஆப்பின் உள்ளேயே ஒரு புரொஃபைல். ஆகவே யூடியூபைப் பூட்டினால் கிட்ஸும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். போனிலும் டேப்லெட்டிலும் தனி ஆப் இருக்கிறது.

பாப்பாவுக்கு டேப்லெட்டில் யூடியூப் கிட்ஸ் போதும். வயது வாரியாக மூன்று தொகுப்புகள்: 4 வரை, 5 முதல் 8, 9 முதல் 12. நான்காவதாக, நீங்களே சேனல் சேனலாக அனுமதிக்கும் முறை ஒன்று உண்டு. வேலை கொஞ்சம் பிடிக்கும், ஆனால் 6 வயதுக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான். தேடல் வசதியை அணைக்கலாம், நேரக் கணக்கும் வைக்கலாம். பெற்றோர் பகுதிக்குள் நுழைய அந்த ஆப் வழக்கமாகக் கேட்பது ஒரு பெருக்கல் கணக்கு. வாய்ப்பாடு ஒப்பிக்கும் அண்ணன் வீட்டில் இருக்கும்போது அது என்ன காவல்? அங்கேயே சொந்த பாஸ்கோடு வைக்கும் வழி இருக்கிறது, வைத்துவிடுங்கள்.

பையனுக்கு கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' ஆப் மூலம் பெற்றோர் கண்காணிப்பில் இயங்கும் கூகுள் கணக்கு. அதில் 'எக்ஸ்ப்ளோர்' என்ற நிலை 9 வயதுக்கு மேல், 'எக்ஸ்ப்ளோர் மோர்' 13க்கு மேல். பெரியவர்களுக்கான வீடியோக்களை வடிகட்டும் 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' என்று யூடியூபில் ஒன்று இருக்கிறதே, அதை நம்பி உட்காராதீர்கள். அந்தந்தச் சாதனத்தில், அந்தந்த பிரவுசரில் தனித்தனியாக வைப்பது அது. சாதாரணக் கணக்கில் யார் வேண்டுமானாலும் அணைத்துவிடலாம்.

ஈரோடு_மஞ்சள்

நன்றி. நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் முடித்துவிட்டேன். இரண்டு சந்தேகம். டிவியிலேயே கிட்ஸ் புரொஃபைல் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் இத்தனை ஆப்பிலும் தனித்தனியாக வைக்க வேண்டியதில்லையா? தியேட்டரில் யு/ஏ வாங்கிய படம் ஓடிடியில் 16+ என்று வருகிறதே, எதை நம்புவது?

கேபிள்காலம்

தனித்தனியாக வைத்தே ஆக வேண்டும். கூகுள் டிவியின் கிட்ஸ் புரொஃபைல், எந்த ஆப் திறக்கலாம், எத்தனை மணி நேரம், எத்தனை மணிக்குத் தூக்கம் என்பதைப் பார்த்துக்கொள்ளும். நெட்ஃப்ளிக்ஸ் ஆப்பை அங்கே அனுமதித்தால், உள்ளே எந்தப் புரொஃபைல் திறக்கிறது என்பது நெட்ஃப்ளிக்ஸ் பாடு. இரண்டும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தாது. டிவி புரொஃபைலிலிருந்து வெளியேற பின் கேட்கும்படி வைக்க மறக்காதீர்கள். நேர வரம்புக்காகவே இதைப் போடலாம். யூடியூபைப் பையன் கண்ணில் படாமல் வைக்கவும் இதுதான் சுலபமான வழி: அனுமதித்த ஆப் பட்டியலில் அதைச் சேர்க்காமல் விட்டால் போதும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: சாம்சங், எல்ஜி டிவிகளில் ஆப்பையே பூட்டும் வசதி இருக்கிறது. ஆனால் கடையிலிருந்து வரும்போது பின் 0000. அதை மாற்றாமல் பூட்டிப் பயனில்லை.

தறிநாடா

வயது முத்திரை பற்றி. தியேட்டர் சான்றிதழ் தணிக்கை வாரியம் கொடுப்பது. ஓடிடி முத்திரை அந்தந்த நிறுவனம் தானே போட்டுக்கொள்வது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் ஐந்து வகை வைத்தன: யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ. 13+ இலிருந்து பூட்டு வசதி கட்டாயம் இருக்க வேண்டும் என்பதும், 'ஏ' என்றால் வயதை உறுதிசெய்யும் முறை வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளவை. தியேட்டர் படங்களுக்கு நெடுங்காலம் ஒரே யு/ஏதான். அதையும் 7+, 13+, 16+ என்று பிரித்தது 2024 இல். ஆகவே பழைய படத்தின் வெறும் யு/ஏவையும் ஓடிடியின் 16+ஐயும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருளில்லை. நீங்கள் வைக்கும் பூட்டு ஓடிடி முத்திரையைப் பார்த்துத்தான் வேலை செய்யும்.

எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். படம் தொடங்கும்போது வன்முறை, கெட்ட வார்த்தை, போதைப் பொருள் என்று ஒரு வரி ஓரத்தில் வரும், அதையும் படியுங்கள். நம்முடைய மாஸ் படங்கள் பலவற்றில் வெட்டும் குத்தும் 13+ இலேயே தாராளம். அதனால்தான் பையனுக்கு 7+ போதும் என்று வயர்மேன் சொன்னது எனக்கும் சரியாகப் படுகிறது.

வயர்மேன்

எல்லாம் முடிந்ததும் சோதித்துவிடுங்கள். பையன் புரொஃபைலில் இருந்தபடி 'ஏ' முத்திரை உள்ள ஒரு படத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். பிறகு டிவியை சுவிட்சில் அணைத்து மறுபடி போட்டு, ஆப் நேராக உங்கள் புரொஃபைலில் திறந்துகொள்கிறதா என்று கவனியுங்கள். இதையே பெரியவர்கள் போனிலும் செய்ய வேண்டும். போனிலிருந்து டிவிக்கு காஸ்ட் செய்தால், அதாவது போனில் தேர்ந்தெடுத்ததை டிவியில் ஓடவிட்டால், போனில் எந்தக் கணக்கு திறந்திருக்கிறதோ அதுதான் செல்லும். நெட்ஃப்ளிக்ஸ் அக்கவுன்ட் பக்கத்தில் ஒவ்வொரு புரொஃபைலும் எதைப் பார்த்தது என்ற பட்டியல் தேதியோடு இருக்கும். அத்தை புரொஃபைலில் கார்ட்டூன் வரிசை தெரிந்தால் யார் வேலை என்று புரிந்துவிடும்.