டெர்மினேட்டர் வரிசையில் சிறந்த படம் எது?

கும்பகோணம் வாசகர்:
1984 முதல் 2019 வரை வெளிவந்த ஆறு டெர்மினேட்டர் படங்களையும் மயிலாடுதுறையிலிருந்து வந்த சித்தப்பா பிள்ளைகளோடு வரிசையாகப் பார்த்தேன். அவர்கள் இரண்டாம் பாகத்தையே கொண்டாடுகிறார்கள். எனக்கோ முதல் பாகமே உயர்ந்ததாகத் தோன்றுகிறது. உங்கள் கருத்தைக் காரணத்தோடு எழுத வேண்டுகிறேன்.

தஞ்சாவூர் வாசகர்:
ஐயா, 1991இல் வந்த இரண்டாம் பாகமே என் தேர்வு. உலோகக் குழம்பாக உருகி மீண்டும் மனித உருக்கொள்ளும் டி-1000 என்னும் வில்லன் இயந்திரம் அக்காலத்தில் பெரும் வியப்பு. படம் நான்கு ஆஸ்கர் விருதுகளையும் பெற்றது. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அதுவன்று. முதல் படத்தில் அஞ்சி ஓடிய சாரா கானர், இதில் மகனைக் காப்பதற்காகத் தன்னை இறுக்கிக்கொண்டு தாய்மையின் கனிவையே இழக்கும் நிலைக்கு வர, கொல்வதற்கென்றே படைக்கப்பட்ட இயந்திரம் அச்சிறுவனுக்குத் தந்தையின் இடத்தை நிரப்புகிறது. இந்த முரணை வேறெந்தப் பாகமும் எட்டவில்லை.

திருவாரூர் வாசகர்:
கேள்வி கேட்டவரின் பக்கமே நானும் நிற்கிறேன். முதல் பாகத்தில், சாராவை இயந்திரத்திடமிருந்து காக்க அவள் மகன் ஜான் எதிர்காலத்திலிருந்து அனுப்பும் கைல் ரீஸே அவனுக்குத் தந்தையாகிறான் என்னும்போது, ஜானின் பிறப்பைத் தடுக்க இயந்திரங்கள் எடுக்கும் முயற்சியே அவ்விதியை உருவாக்குகிறது. குறைந்த செலவில் எடுக்கப்பட்ட அப்படத்தின் கதைமுடிச்சில் ஓர் இழைகூடத் தளரவில்லை. விதியை மாற்றலாம் என்று நம்பும் இரண்டாம் பாகம் மனத்துக்கு இதமானது. ஆயினும் அந்த இறுக்கம் அதில் இல்லை.

நாகப்பட்டினம் வாசகர்:
2003இல் வந்த மூன்றாம் பாகத்தை எவரும் குறிப்பிடவில்லையே! நடுப்பகுதி சுமார்தான். ஆனால் இயந்திரங்கள் மூட்டும் அணுப்போரைத் தடுக்காமல் அது நிகழவே விட்டு முடிக்கும் துணிவு, இவ்வரிசையில் அப்படத்துக்கே உரியது.