நிலநடுக்க வடிவமைப்புக்கு மாற நினைக்கிறேன், வழி சொல்லுங்கள்

வணக்கம். சென்னையில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக இருக்கிறேன், பி.இ. சிவில், 2020லிருந்து வேலை, கைக்கு வருவதெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்புகள்தான். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கு முழுசாக மாற வேண்டும், ஆனால் நேர்காணலுக்குப் போனால் மண்டலம் 5ல் (நிலநடுக்க ஆபத்து மிக அதிகமுள்ள பகுதி) ஏதாவது செய்திருக்கிறீர்களா என்று கேட்டு அதோடு முடித்துவிடுகிறார்கள். சென்னை மண்டலம் 3. நிலநடுக்க வடிவமைப்புக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1893:2016 படி இங்கே மண்டலக் காரணி (எவ்வளவு அதிர்வுக்கு வடிவமைக்க வேண்டும் என்பதற்கான எண்) 0.16, மண்டலம் 5ல் இருக்கும் குவாஹாட்டியில் 0.36, அதனால் அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

ஈடாப்ஸ் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் புஷ்ஓவர் அனாலிசிஸ் (பக்கவாட்டு விசையைப் படிப்படியாக ஏற்றிக் கட்டடம் எங்கே உடைகிறது என்று பார்ப்பது) நானாகவே படித்து, தரைத்தளம் முழுக்க கார் பார்க்கிங் விட்ட ஒரு கட்டடத்தை (2001 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் இடிந்தவற்றில் பல இந்த மாதிரிதான்) மாடல் செய்து ரெஸ்யூமேயில் சேர்த்துப் பார்த்தேன். ஐஎஸ் 13920 (நிலநடுக்கத்தில் கான்கிரீட் சட்டென்று உடையாமல் இருக்கக் கம்பி அமைக்கும் விதி) படி கம்பி டீட்டெயிலிங் செய்ய அலுவலகத்தில் கேட்டேன், அதெல்லாம் சீனியர்கள் வேலை என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது இரண்டு வழி தெரிகிறது: கேட் (GATE) நுழைவுத்தேர்வு எழுதி ரூர்க்கி ஐஐடியில் நிலநடுக்கப் பொறியியல் எம்.டெக் சேர்வது, இல்லையென்றால் சம்பளம் குறைந்தாலும் குவாஹாட்டியில் ஒரு சின்ன அலுவலகத்துக்குப் போவது. வீட்டுக்கடன் இருப்பதால் இரண்டையும் அடுத்தடுத்து முயன்று பார்க்க முடியாது.

இந்தத் துறையில் ஆள் எடுப்பவர்கள் சொல்லுங்கள்: எம்.டெக் பட்டமா, மண்டலம் 5 அனுபவமா, எதைப் பார்த்து எடுப்பீர்கள்?