தி ஃபர்ஸ்ட் ஹாஃப் ஆஃப் மை லைஃப்: பாதியில் விட்டுடலாமா?

செல்வி_கோ:
2017-ல் வந்த சீன டிவி சீரியல், ஷாங்காயில் நடக்கிற கதை, மொத்தம் 42 எபிசோடு. பாதி தாண்டிட்டேன். கதாநாயகி ஸிஜுன். வேலைக்கே போக வேண்டாம், நான் பார்த்துக்கறேன்னு அவகிட்ட சொன்ன புருஷன் ஜுன்ஷெங், ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற லிங் லிங்குக்காக விவாகரத்து கேட்கிறான். கையில தொழிலும் இல்லை, வருமானமும் இல்லை. மகனைத் தன்கூட வெச்சுக்கணும்னா ஸிஜுன் சம்பாதிச்சே ஆகணும்.

முதல் எபிசோடில் விலை உயர்ந்த ஷூ வாங்கப் போய் கடைப் பெண்களை அவ்வளவு அலட்சியமா நடத்துவாளே, அதே ஸிஜுன் பிறகு ஷூ கடையில் விற்பனைப் பெண்ணா நிக்கிறா. அந்தக் காட்சிகளை நான் மூணு தடவை பார்த்தேன். ஒன்பது வருஷம் வீட்டோட இருந்துட்டு, போன ஆடித் தள்ளுபடி சமயத்தில்தான் ஒரு துணிக்கடை பில்லிங்கில் சேர்ந்தேன். முதல் நாள் பார்கோடு ஸ்கேன் பண்ணவே கை நடுங்குச்சு. இரவு வீட்டுக்கு வந்து வெந்நீர்ல கால் வெச்சா பாதம் விண்ணுன்னு தெறிக்கும். அதனால அவ ஒவ்வொரு அடி எடுத்து வைக்கிறப்பவும் நானே கூட நடக்கிற மாதிரி இருந்துச்சு.

இப்போ ஹெ ஹான் அவ பக்கம் சாய ஆரம்பிச்சுட்டார். அவர் ஸிஜுனோட தோழி தாங் ஜிங்கோட காதலர். ஸிஜுன் இடிஞ்சு உட்கார்ந்தப்ப தாங்கிப் பிடிச்சதே அந்தத் தாங் ஜிங்தான். எனக்கு மேல பார்க்க மனசு வரலை. பார்க்கலாமா, விட்டுடலாமா? முடிவை மட்டும் சொல்லிடாதீங்க.

இன்னொண்ணு. இதே பேர்ல தேடினா சீனாவின் கடைசிப் பேரரசர் பூயியோட சுயசரிதை வருதே, சம்பந்தம் உண்டா?

மாடிவீடு:
விட்டுடுங்க அக்கா. எனக்கு ஹெ ஹானைப் பத்தின கோபம் வேற. அவளுக்கு யோசனை சொல்றது அவர், வழி காட்டுறது அவர். ஒரு ஆம்பளை கைவிட்டான், இன்னொரு ஆம்பளை கைதூக்கி விட்டான்னா அதுல அவ எங்க வளர்ந்தா? ஷூ கடையில கூட வேலை பார்த்த லாவ் ஜின் மாதிரி சாதாரண மனுஷங்களோட கதை அப்படியே போயிருக்கணும்.

பழைய_வாசகன்:
செல்விம்மா, பூயி புத்தகத்துக்கும் இதுக்கும் தலைப்பு மட்டும்தான் ஒண்ணு. உண்மையான வேர் வேற இடத்தில் இருக்கு.

1923 டிசம்பரில் பெய்ஜிங்கில் ஒரு பெண்கள் கல்லூரியில் சீன எழுத்தாளர் லூ சுன் பேசினார். நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகத்தில் நோரா என்ற மனைவி வீட்டை விட்டுக் கதவைச் சாத்திட்டு வெளியேறுகிறாளே, அப்புறம் அவ என்ன ஆவாள் என்பதுதான் பேச்சு. கையில் காசு இல்லாவிட்டால் ஒன்று சீரழியணும், இல்லை திரும்பி வரணும் என்றார். 1925-ல் அதையே கதையாகவும் எழுதினார். அந்தக் கதைப் பெண்ணின் பெயர் ஸிஜுன். அவள் காதலன் ஜுவான்ஷெங்.

சொந்தக்காரர்களை எதிர்த்து அவனோடு வாழ வருகிறாள். அவனுக்கு வேலை போகிறது. ஒரு நாள், உன்மேல் இப்போது காதல் இல்லை என்று சொல்லிவிடுகிறான். அப்பா வந்து அவளைக் கூட்டிப் போய்விடுகிறார். அவன் வீடு திரும்பும்போது உப்பு, காய்ந்த மிளகாய், மாவு, அரை முட்டைக்கோஸ் எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கு, பக்கத்தில் சில பத்துச் செப்புக் காசுகள். வீட்டில் மிச்சமிருந்த அத்தனையையும் அவன் பிழைக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அப்புறம் அவள் செத்துப்போன செய்திதான் வருகிறது. அந்த அரை முட்டைக்கோஸ் இருபது வருஷமாக என் மனசை விட்டுப் போகவில்லை.

ஹாங்காங் எழுத்தாளர் யீ ஷூ அதே பெயர்களை எடுத்து, தன் ஊரில், தன் காலத்தில் ஒரு நாவல் எழுதினார். அதுதான் இந்த சீரியலுக்கு மூலம். அதில் கணவன் டாக்டர், விட்டுப்போகிறான், ஆனால் ஸிஜுன் சாகவில்லை. வேலைக்குப் போகிறாள், மண்பாண்டக் கலை பழகுகிறாள். செத்தவளுக்கு அவர் கொடுத்த மறுவாழ்வு என்றுதான் நான் அதைப் படித்தேன். தோழியின் காதலன் விவகாரம் நாவலில் கிடையாது, சீரியல்காரர்கள் சேர்த்தது. ஆகவே உங்கள் வருத்தமும் மாடிவீடு தம்பியின் கோபமும் நியாயம்தான்.

ஆனாலும் பாருங்கள் என்றுதான் சொல்வேன், தாங் ஜிங்குக்காக. அவளாக நடிக்கும் யுவான் சுவான் அந்தப் பெண்ணின் வலியைக் குரலே உயர்த்தாமல் கொண்டுவருகிறார். பத்து வருஷம் வேலையில் கெட்டிக்காரியாக இருந்தவளும் விழுந்து எழ வேண்டியிருக்கு. எழுந்து நிற்க வேண்டியது ஸிஜுன் மட்டும் இல்லை.

காவேரிக்கரை:
ஸிஜுனோட அம்மா பாத்திரத்தை யாருமே சொல்லலையே! ஆரம்பத்துல பணம், மாப்பிள்ளைன்னு கத்திக்கிட்டே இருக்கிறப்ப எனக்குச் சுத்தமா பிடிக்கலை. போகப் போக அந்தம்மா வந்தாலே நிமிர்ந்து உட்கார்ந்துடுவேன். சூ தி நடிச்சது. 2018 ஷாங்காய் மேக்னோலியா டிவி விருதுல ஸிஜுனா நடிச்ச மா யீலிக்குச் சிறந்த நடிகை, சூ திக்குச் சிறந்த துணை நடிகை. அவருக்காகவே மீதியைப் பாருங்க செல்வி.

செல்வி_கோ:
ஐயா, முட்டைக்கோஸ் இடத்தைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடலை. போன மாசம் சம்பளம் வாங்கினதும் நான் முதல்ல வாங்கினது ஒரு சிப்பம் அரிசி. யார்கிட்டயும் கேட்காம வாங்கினது. அதைத் தூக்கிட்டுப் படியேறினது ஞாபகம் வந்துச்சு.

தாங் ஜிங்குக்காகப் பார்க்கிறேன். ஹெ ஹான் வர்ற இடத்தை ஓட்டி விட்டுடறேன், அது மட்டும் என்னால முடியாது. லூ சுன் கதையை ஞாயித்துக்கிழமை படிக்கணும், அன்னைக்குத்தான் எனக்கு லீவு.