சாக்லேட் சிஸ்ட் இருக்கிறது, குழந்தையும் வேண்டும். ஆபரேஷன் முதலிலா?

கயல், திருப்பூர்:

எனக்கு 31 வயது. கல்யாணமாகி மூன்று வருடம், இன்னும் கரு தங்கவில்லை. வயதுக்கு வந்ததிலிருந்தே பீரியட்ஸ் வந்தால் முதல் இரண்டு நாள் எழுந்து நிற்க முடியாது. "ஒரு குழந்தை பிறந்தா சரியாயிடும்" என்று அம்மா சொல்லுவார். மாத்திரை போட்டுக்கொண்டுதான் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போவேன். அந்த நாட்களில் மலம் கழிக்கக்கூட வலிக்கும். வெட்கப்பட்டு இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

போன மாதம் ஸ்கேனில் இடது சினைப்பையில் 4 செ.மீ. சாக்லேட் சிஸ்ட், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய்) என்றார்கள். முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஏ.எம்.ஹெச். 1.4. ஒரு டாக்டர் உடனே லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) செய்து கட்டியை எடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் ஆறு மாதம் டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை போட்டுவிட்டு முயற்சி செய்யலாம் என்கிறார். கணவருக்கு எந்த டெஸ்ட்டும் எடுக்கவில்லை. யார் சொல்வதைக் கேட்பது?

மீனாட்சி அக்கா, மதுரை:

கயல், எனக்கும் இதே நோய். 29 வயதில் இரண்டு சினைப்பையிலும் கட்டி எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன் 2.3 இருந்த ஏ.எம்.ஹெச்., பிறகு 0.8 ஆகிவிட்டது. இப்படி இறங்கக்கூடும் என்று அந்த ஆஸ்பத்திரியில் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சாக்லேட் சிஸ்ட் என்பது சினைப்பைக்குள் பழைய ரத்தம் தேங்கிய பை. அதன் சுவர் சினைப்பையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆரஞ்சுத் தோலை உரிக்கும்போது சதையும் கொஞ்சம் சேர்ந்து வருகிற மாதிரி, சுவரை உரிக்கும்போது முட்டைகள் இருக்கும் நல்ல திசுவும் வந்துவிடும். இரண்டு பக்கமும் கட்டி என்றாலோ, இரண்டாவது முறை ஆபரேஷன் என்றாலோ இழப்பு அதிகம்.

அதற்காக ஆபரேஷனே தப்பு என்று சொல்லவில்லை. வலி தாங்க முடியவில்லை, கட்டி வளர்கிறது, ஸ்கேனில் சந்தேகமாக ஏதோ தெரிகிறது என்றால் செய்யத்தான் வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு இயற்கையாகவே கருத்தரித்தவர்களும் உண்டு. ஆனால் ஐ.வி.எஃப். (டெஸ்ட் டியூப் முறை) போவதுதான் முடிவு என்றால், அதற்கு முன் கட்டியை எடுப்பதால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுவதில்லை. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே 2022ல் வெளியிட்ட வழிகாட்டியும் அதற்காக மட்டும் எல்லோருக்கும் ஆபரேஷன் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

டைனோஜெஸ்ட் வலிக்கு நல்ல மருந்து. ஆனால் அது முட்டை வெளிவருவதை அடக்கிவிடும். போடும் வரை பொதுவாகக் கரு நிற்காது. நிறுத்திய பிறகு கருத்தரிக்கும் வாய்ப்பைக் கூட்டுவதும் இல்லை. குழந்தை இப்போதே வேண்டும் என்கிறவர் எதற்காக ஆறு மாதம் கழிக்க வேண்டும் என்று அந்த டாக்டரிடமே கேளுங்கள்.

1.4 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஏ.எம்.ஹெச். முட்டை இருப்பைத்தான் காட்டும். அதை மட்டும் வைத்து இயற்கையாகக் கரு தங்குமா தங்காதா என்று சொல்ல முடியாது. ஆபரேஷன் என்று முடிவானால், அதற்கு முன் முட்டையோ கருவோ உறைய வைக்க முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். எனக்கு அந்த வழி இருப்பதே தெரியாது. அப்புறம் ஐ.வி.எஃப். செய்துதான் என் மகள் பிறந்தாள்.

செந்தில், கோயம்புத்தூர்:

ஒரு கணவனாகச் சொல்கிறேன் சகோதரி. எங்கள் வீட்டில் என் மனைவிக்கு மட்டும் இரண்டு வருடம் ஊசியும் ஸ்கேனுமாகப் போனது. கடைசியில் எனக்கு விந்தணு டெஸ்ட் எடுத்தபோது எண்ணிக்கை குறைவு என்று வந்தது. அந்த டெஸ்ட்டுக்குக் கத்தியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. உங்களுக்கு ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன் உங்கள் கணவர் அதை முடித்திருக்க வேண்டும்.

வித்யா, சென்னை:

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. எனக்கு ஸ்கேன் எப்போதும் நார்மல். வலி மட்டும் உயிரை எடுக்கும். லேப்ராஸ்கோபியில்தான் இந்த நோய் சிறுசிறு புள்ளிகளாக இருப்பது தெரிந்தது, அதை எரித்துவிட்டார்கள். அடுத்த வருடமே இயற்கையாகக் கரு தங்கியது. ஸ்கேன் நார்மல் என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. வலியின் அளவும் நோயின் அளவும் ஒன்றாக இருப்பதில்லை.

கயல், திருப்பூர்:

ரொம்ப நன்றி. கணவர் டெஸ்ட்டுக்குச் சரி என்று சொல்லிவிட்டார். அக்கா, மலம் கழிக்கும்போது வரும் வலியும் இதனால்தானா?

மீனாட்சி அக்கா, மதுரை:

இருக்கலாம் தங்கச்சி. கர்ப்பப்பைக்குப் பின்னால், குடல் பக்கம் நோய் ஆழமாக இறங்கியிருந்தால் அப்படி வலிக்கும். தாம்பத்தியத்தின் போது உள்ளே வலித்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டாக்டரிடம் இதில் வெட்கமே வேண்டாம், இதைச் சொன்னால் சிகிச்சைத் திட்டமே மாறலாம். இந்த நோயைப் பார்த்துப் பழகியவரிடம் உள்வழி ஸ்கேன் (பிறப்புறுப்பு வழியாக எடுப்பது), தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். குடலில் இருந்தால் குடல் சர்ஜனும் கூட இருக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள். கணவர் ரிப்போர்ட்டும் வந்த பிறகு இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு இருவரும் சேர்ந்தே போங்கள்.